பேரனுக்கு என்ன பெயர்?

கேள்வி: பிறந்த பேரனுக்குக் கிறிஸ்தவப் பொருளோடு நவீனமான பெயர் வேண்டும். மகன் 'ஈதன்' என்கிறான். என் மனைவி 'தேவசகாயம்' என்கிறாள். எதை வைப்பது? - ஒரு தாத்தா, ஜார்ஜ்டவுன்

பதில்: ஈதனா புதுசு? தமிழ் பைபிளில் 89ஆம் சங்கீதத்தின் தலைப்பிலேயே 'ஏத்தான்' என்று கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான்! உறுதியானவன் என்று பொருள். ஆனாலும் என் ஓட்டு பாட்டிக்கே. 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்ற நீலகண்ட பிள்ளைக்கு, லாசரஸ் என்பதைத் தமிழாக்கி வைத்த பெயர் அது. 2022இல் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராகவே அறிவித்துவிட்டார். பிறப்புப் பத்திரத்தில் 'அனாக் லெலாக்கி'க்கு (மலாயில் 'மகன்') முன்னால் இடம் தாராளம். இரண்டையும் சேர்த்து 'ஈதன் தேவசகாயம்' என்றே பதியுங்கள். கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி 'ஈதன்' என்று கூப்பிடட்டும், வீட்டில் பாட்டி 'சகாயம்' என்று கொஞ்சட்டும்.