வராத பஸ்

அப்பாவின் சட்டையைத் துவைக்கும் முன் அம்மா பையைத் தடவிப் பார்ப்பார். சில்லறையைத் தேடி அல்ல, லாட்டரிச் சீட்டைத் தேடி.

1990-களின் கடைசி அது. பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில் வரிசையாகச் சீட்டுக் கடைகள். துணி காயப்போடுவதுபோல் கயிறு கட்டி பூட்டான், சிக்கிம், நாகாலாந்து என்று கிளிப் மாட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். வாரத்துக்கு ஒரு குலுக்கல் என்று இருந்தவரை அப்பாவுக்கு அது வெறும் ஆசைதான். ஒரு நம்பர் லாட்டரி வந்த பிறகுதான் வீடு ஆடியது. கடைசி எண் ஒத்துப்போனால் பரிசு. ஒரே நாளில் பல குலுக்கல். காலையில் விட்டதை மதியம் பிடிக்கலாம் என்று தோன்றும். மில்லில் வாங்கிய கூலி அப்படியே கரைந்தது. அம்மாவின் தோடு அடகுக்குப் போய்த் திரும்பவில்லை. ஒரு நம்பர் லாட்டரி கூடாது என்று 1998-லேயே மத்தியச் சட்டம் வந்துவிட்டதைப் பின்னாளில் படித்தேன். எங்கள் சந்துக்கு அது வந்து சேரவில்லை.

1968-ல் அண்ணா ஆட்சியில் அரசே பரிசுச் சீட்டு விற்ற மாநிலம் இது. 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு எல்லா லாட்டரியையும் தடை செய்தது. அம்மா சாமி படத்துக்குக் கற்பூரம் ஏற்றினார். நான் சந்துக்குப் போனேன். மூன்று சக்கர வண்டியில் உட்கார்ந்து சீட்டு விற்றுவந்த, போலியோவில் கால் சூம்பிய அண்ணன் காலிக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "உங்கப்பாவுக்கு நல்லதுதான் கண்ணு. நாளைக்கு நான் என்ன பண்றதுன்னுதான் தெரியல" என்றார். தடை போட்டவர்கள் அவருடைய நாளையையும் யோசித்திருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

அப்பா உடனே விட்டுவிடவில்லை. கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கேரளம். அங்கே 1967 முதல் அரசே லாட்டரி நடத்துகிறது. இரண்டு மூன்று முறை பஸ் ஏறிப் போய்வந்தார். ஒருநாள் கிளம்பியவர் ஒரு மணி நேரத்தில் திரும்பிவிட்டார். "பஸ் வரலை. நின்னுட்டே இருந்தனா, யோசனை வந்துருச்சு" என்றார். அதன்பின் போகவில்லை.

போன வருடம் என் தங்கை மகன் போனில் ரம்மி ஆடி மூன்று லட்சம் இழந்தான். ஆடியது நள்ளிரவில், அவன் அம்மா தூங்கும் அறைக்கு அடுத்த அறையில். "எந்திரிக்கவே வேண்டியதில்ல மாமா. ஒண்ணு முடிஞ்சா அடுத்த ஆட்டம் தானா வந்து நிக்குது" என்றான்.

அந்த ஆட்டத்தைத் தடுக்க இந்த மாநிலம் பட்ட பாடு பெரிது. 2020-ல் அவசரச் சட்டம். 2021-ல் அதை அடுத்து வந்த சட்டத்தை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2023 ஏப்ரலில் புதுச் சட்டம். நவம்பரில் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று உயர் நீதிமன்றமே தடையிலிருந்து விலக்கு தந்தது. 2025 பிப்ரவரியில் நள்ளிரவு முதல் காலை 5 மணிவரை ஆடக் கூடாது என்ற விதி. ஆகஸ்டில் நாடாளுமன்றமே பண ஆட்டங்களுக்குத் தடைச் சட்டம் இயற்றியது.

தடை மனிதனைத் திருத்தாது என்பார்கள். கேரளத்துக்குப் பஸ் ஏறிய அப்பாவைப் பார்த்தவன் நான். அதை மறுக்க மாட்டேன். ஆனால் கைக்கும் ஆசைக்கும் நடுவே தடை கொஞ்சம் தூரத்தை வைக்கிறது. அந்தத் தூரத்தில்தான் அப்பாவுக்கு யோசனை வந்தது. என் தங்கை மகனுக்கு அந்தத் தூரத்தை யாரும் வைக்கவில்லை. சட்டம் வைக்க வேண்டியது அதைத்தான்.

இப்போது இரவு பத்து மணிக்கு அவன் போனைத் தங்கை வாங்கித் தன் தலைமாட்டில் வைத்துக்கொள்கிறாள். காலையில் திருப்பித் தரும்முன் ஒருமுறை திறந்து பார்க்கிறாள், அம்மா சட்டைப்பையைத் தடவியதுபோல.