கேப்டன் நீமோ நமக்கு உறவா?

கேள்வி: அறிவியல் புனைகதை என்றாலே லண்டன், நியூயார்க். மைசூருக்கு அதில் ஏதாவது சம்பந்தம் உண்டா? (யாதவகிரி வாசகர்)

ரத்த சம்பந்தமே உண்டு! ஜூல் வெர்னின் நாவலில் நாட்டிலஸ் நீர்மூழ்கியில் ஊர்பேர் சொல்லாமல் சுற்றுகிறாரே கேப்டன் நீமோ, அவர் யாரென்று ‘மர்மத் தீவு’ (1875) நாவலில் போட்டு உடைக்கிறார் வெர்ன். பண்டேல்கண்ட் இளவரசர் தக்கார். 1857 கிளர்ச்சியில் ஆங்கிலேயரை எதிர்த்தவர். திப்பு சுல்தானுக்கு மருமகன் முறை. இவர் முப்பது வயதில், 1849-ல், ஐரோப்பாவிலிருந்து நாடு திரும்பினாராம். திப்பு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் விழுந்தது 1799. ஆக, மாமா போய் இருபது வருஷம் கழித்துப் பிறந்த மருமகன். வெர்னுக்கு நீர்மூழ்கியில் இருந்த அக்கறை வம்சாவளியில் இல்லை. சஸ்பென்ஸை உடைத்துவிட்டேன் என்று கோபிக்காதீர்கள்; நூற்றைம்பது வருஷத்து சஸ்பென்ஸ்.

கேள்வி: இந்த வகையில் நான் எதுவுமே படித்ததில்லை. ஒரே ஒரு நாவல் சொல்லுங்கள். (ஓய்வுபெற்ற ஆசிரியை, சரஸ்வதிபுரம்)

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’. ஓட்டுப்போடும் முன் நம் விரலில் வைக்கும் அழியாத மை 1962 தேர்தலிலிருந்து இந்த ஊர் மைசூர் பெயின்ட்ஸ் தொழிற்சாலையில் தயாராகிறது. அந்த விரல் அழுத்தும் மின்னணு இயந்திரம் உருவானதில் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்த சுஜாதாவுக்குப் பெரும் பங்கு உண்டு. அப்பேர்ப்பட்டவர் எழுதியது, ஜீவா என்ற ஒற்றைத் தலைவரின் பிடியில் சிக்கிய இந்தியாவைப் பற்றி. அங்கே பிள்ளை பெற அரசாங்க அனுமதி வேண்டும். பெயர் இரண்டெழுத்தைத் தாண்டக் கூடாது: நிலா, சிபி, ரவி. ஊரே தலையாட்டும்போது சுயமாக யோசிப்பது ஜீனோ என்கிற இயந்திர நாய். அதுவும் புத்தகம் படித்துப் படித்துத் தேறிய நாய்! ஆசிரியையான உங்களுக்கு அதைக் கட்டாயம் பிடிக்கும். முடித்த கையோடு ‘மீண்டும் ஜீனோ’.

கேள்வி: அந்தக் கதை நடக்கும் காலமே வந்துவிட்டது, ஜீனோவைக் காணோம். பலிக்காத கதையை ஏன் படிக்க வேண்டும்? (ஹெப்பாள் ஐ.டி. ஊழியர்)

சுஜாதா எழுதியது நாவல், பஞ்சாங்கம் அல்ல. 1956 முதல் சாகும்வரை இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க், ‘தி ஃபவுன்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்’ (1979) நாவலில் தரையிலிருந்து விண்வெளிக்கு லிஃப்ட் கட்டுகிறார். பூமியோடு சேர்ந்து சுற்ற வேண்டுமென்றால் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து, நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே தொங்கவேண்டும். இலங்கை அந்தக் கோட்டில் இல்லையே? மனிதர் அசரவில்லை, தீவையே தெற்கே நகர்த்திவிட்டார்! லிஃப்ட் இன்றுவரை வரவில்லை. ஆனால் கதையில் லிஃப்டுக்குத் தோதான மலையுச்சியில் ஒரு புத்த மடம் இருக்கிறது, துறவிகள் இடத்தைக் காலி செய்ய மாட்டேன் என்கிறார்கள். இந்தத் தகராறு தினம் காலைப் பேப்பரில் வருகிறதே, பலித்தது போதாதா?

கேள்வி: பெண்கள் எழுதியது எதுவும் இல்லையா? (கல்லூரி மாணவி, குவெம்புநகர்)

பேகம் ரோக்கேயாவின் ‘சுல்தானாவின் கனவு’. 1905-ல் நம் சென்னையிலிருந்து வந்த ‘தி இண்டியன் லேடீஸ் மேகசின்’ பத்திரிகையில் வெளியானது. சூரிய வெப்பத்தில் சமையல், ஆகாய வண்டி, மேகத்திலிருந்து நேராகத் தண்ணீர், எல்லாம் பெண்கள் நிர்வாகம். ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டு அடுப்படி பார்க்கிறார்கள். சிறுகதைதான், காபி ஆறுவதற்குள் முடித்துவிடலாம், அப்பாவுக்கும் கொடுங்கள்.

நாவல்தான் வேண்டுமென்றால் லாவண்யா லட்சுமிநாராயணின் ‘அனலாக்/வர்ச்சுவல்’ (2020). பெங்களூர் அதில் ஏபெக்ஸ் சிட்டி. ஒவ்வொருவரும் எவ்வளவு உழைத்தார்கள் என்று மார்க் போட்டு, கடைசிப் பத்து சதவீதத்தை மின்சாரமும் தண்ணீரும் சரியாகக் கிடைக்காத பக்கம் தள்ளிவிடுகிறார்கள். மேலே கேள்வி கேட்ட ஹெப்பாள்காரர் அப்ரைசல் முடிந்தபிறகு படிப்பது உத்தமம்.

கேள்வி: என் பையன் தமிழைவிடக் கன்னடம் சரளமாகப் படிக்கிறான். அவனுக்கு? (ஜெயலட்சுமிபுரம் வாசகி)

பூர்ணசந்திர தேஜஸ்வியின் ‘கர்வாலோ’ (1980). இந்த ஊரில் கல்லூரி படித்தவர், குவெம்புவின் மகன். ராக்கெட்டும் கிடையாது, ரோபோவும் கிடையாது. பறக்கும் ஓணான் ஒன்றைத் தேடி மலைநாட்டுக் காட்டுக்குள் போகிறார்கள். பட்டம் பெற்ற கர்வாலோவுக்குப் பட்டிக்காட்டு மந்தண்ணாவின் கண் தேவைப்படுகிறது. இது அறிவியல் புனைகதையே அல்ல என்று அடிக்க வருகிறவர்கள் வரட்டும். விஞ்ஞானி எப்படி யோசிப்பான் என்று காட்டுவதில் பல விண்கலக் கதைகள் இதன் பக்கத்தில் நிற்க முடியாது.

கேள்வி: தமிழ் மொழிபெயர்ப்பில்? (அதே வாசகி)

க.நா.சு. தமிழாக்கிய ‘1984’, வெ. ஸ்ரீராமின் ‘ஃபாரன்ஹீட் 451’. முதலில் இரண்டாவது.

கேள்வி: நண்பர் இரவல் வாங்கிப்போன நாவல் திரும்பி வரவில்லை. கால இயந்திரம் உதவுமா? (நஞ்சன்கூடு வாசகர்)

உதவும். அவர் கேட்பதற்கு முந்தின நாளுக்குப் போய், வீட்டைப் பூட்டிக்கொண்டு மைசூருக்குக் கிளம்பிவிடுங்கள்.