ஏஆர்சி சார்

பாளையங்கோட்டையில் 1878-இல் தூய யோவான் கல்லூரி, 1923-இல் தூய சவேரியார் கல்லூரி, நடுவிலும் பின்னாலும் எண்ணிமாளாத பள்ளிக்கூடங்கள் என்று வந்துகொண்டே இருந்ததால், ஓய்வுபெற்ற வாத்தியார்களுக்கு ஊரில் குறைவில்லை. தெருவுக்கு ஒரு ஏஆர்சி சார் உண்டு. அவர் இயற்பியல் நடத்தியவராக இருந்துவிட்டால் கண்ணாடிக் கடைக்காரர் பாடு அவ்வளவுதான்.

டாக்டர் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு முருகன்குறிச்சிக் கடையில் நுழைவார். பிரேமை ஏறிட்டும் பார்க்க மாட்டார்.

"இதுல என்ன கோட்டிங்டே?"

"ஏஆர்சி சார், ஆன்ட்டி ரிஃப்ளெக்டிவ் கோட்டிங். லைட்டு திருப்பி அடிக்காது."

"ஏன் அடிக்காது?"

பையன் முழிப்பான். சாருக்கு வேண்டியது அதுதான். வெறும் பிளாஸ்டிக் லென்ஸில் பக்கத்துக்கு 4 சதவீதம் வெளிச்சம் திரும்பிப் போய்விடுகிறது, இரண்டு பக்கத்துக்கும் 8 ஆச்சா? அலைநீளத்தில் கால்பங்கு கனத்துக்கு ஒரு பூச்சு பூசினால், மேலே பட்டுத் திரும்பும் அலையும் அடியில் பட்டுத் திரும்பும் அலையும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஒழியும். 1935-இல் ஜெர்மனியில் சைஸ் கம்பெனி ஸ்மகுலா செய்து காட்டியது. அதற்கும் முன்னால், மங்கிப்போன பழைய கண்ணாடி புதுக் கண்ணாடியைவிட அதிக வெளிச்சத்தை உள்ளே விடுகிறது என்று 1886-இலேயே ராலே பிரபு கவனித்துவிட்டார்.

"அப்போ உங்க பழைய கண்ணாடியே போதுமே சார்?"

சார் பேச்சை நீல வெளிச்சத்தை மறிக்கும் ப்ளூ கட்டு லென்ஸுக்கு மாற்றிவிடுவார்.

பையன் ஊதா லேசரை லென்ஸ் வழியாக அடித்து, அட்டையில் ஒளி விழாததைக் காட்டுவான். "லேசரை மறிக்கும், சரி. கண்வலியை மறிக்குமா?" என்பார் சார். கேள்வி நியாயமானது. அதுவரை நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் ஆய்வு, கம்ப்யூட்டர் பார்ப்பதால் வரும் கண் அசதியை இந்த லென்ஸ் குறைப்பதாகத் தெரியவில்லை என்று 2023-இல் சொல்லிவிட்டது. இவ்வளவும் பேசிவிட்டு அதையும் சேர்த்தே பில் போடச் சொல்வார். பேரன் கேட்டால் இல்லை என்று சொல்லக்கூடாதாம்.

அவர் சறுக்குவது வெயிலில் கறுக்கும் லென்ஸில்தான். பாளை வெயிலுக்கு அது கன்னங்கரேலென்று ஆகும் என்று நம்பி வாங்குவார். புறஊதாக் கதிர் பட்டால் கறுக்கும், வாஸ்தவம். ஆனால் லென்ஸ் சூடாகச் சூடாக அந்தக் கறுப்பு வெளுக்கப் பார்க்கும். குளிர்ந்த மலையில் நன்றாகக் கறுப்பது கத்திரி வெயிலில் பாதியில் நின்றுவிடும். "பாளையங்கோட்டை வெயிலுக்கு வாங்கிட்டு, கறுக்குதான்னு பாக்கக் கொடைக்கானல் போகணுமாக்கும்" என்பார் வீட்டம்மா.

இத்தனை பூச்சும் பூசிய கண்ணாடியைச் சார் எதால் துடைப்பார்? வேட்டி நுனியால். கடையில் கொடுத்த மெத்துத்துணி டப்பாவில் மடிப்புக் கலையாமல் கிடக்கும். சமாதானபுரம் வரை ஸ்கூட்டரில் போய்வந்த புழுதியை ஊதாமல், கழுவாமல், வட்ட வட்டமாகத் தேய்ப்பார். பிறகு கண்ணாடியை ஸ்கூட்டர் டிக்கியில் போட்டு வெயிலில் நிறுத்துவார். சூட்டில் பிளாஸ்டிக் விரியும். பூச்சால் அந்த அளவுக்கு விரிய முடியாது. பொடிப்பொடியாக வெடிப்பு விடும். மறுநாள் காலையில் கடை திறக்கும் முன்பே வாசலில் நிற்பார். "உங்க கோட்டிங் சரியில்லடே!"

நம்மைப் போன்றவர்களுக்குக் கீறல் தாங்கும் ஹார்டு கோட்டும் ஏஆர்சியும் போதும். குழாய்த் தண்ணீரில் புழுதி போகக் கழுவிவிட்டு, மெத்துத்துணியால் ஒற்றி எடுங்கள். டிக்கியில் வைக்காதீர்கள். வழியில் சாரைப் பார்த்தால் வணக்கம் சொல்லுங்கள், சௌகரியம் விசாரியுங்கள். அவசர வேலை இருக்கும் நாளில் மட்டும் அவர் கண்ணாடியைப் பற்றி வாயைத் திறந்துவிடாதீர்கள்.