வங்கிக்கு ஆடி மாதம் விளங்காது

ஹரோ, இங்கிலாந்து

அன்புள்ள அத்தானுக்கு,

போன கிழமை போனில், "மேற்கு வளவுக்காரற்றை பொடியன் லண்டனிலை வீடு வாங்கி எவ்வளவு காலம். நீர் இன்னும் வாடகைக்கோ இருக்கிறீர்?" என்று கேட்டீர்கள். போனில் விளக்க வெளிக்கிட்டால் இரண்டு பேருக்கும் கோபம் வரும். அதனால் எழுதுகிறேன்.

அந்தப் பொடியன் வாங்கியது 2006இல். அப்போது சொந்தத் தொழில்காரன் தன் வருமானம் இவ்வளவு என்று தானே எழுதிக் கையெழுத்து வைத்தால் கடன் கொடுக்க வங்கிகள் இருந்தன. கையெழுத்து வடிவாக இருந்தால் வீடும் வடிவாக அமைந்தது. 2008இல் வங்கிகளே விழுந்து எழும்பிய பிறகுதான் புத்தி வந்தது. 2014 ஏப்ரலில் புது விதிகள் போட்டு அந்தக் கதவைச் சாத்திவிட்டார்கள். நான் போய் நின்றது சாத்தின பிறகு.

என் கணக்கைச் சொல்கிறேன், அக்காவுக்கு முழுக்கச் சொல்ல வேண்டாம். கலியாணவீடு, சாமத்தியவீடு என்று படம் எடுத்துப் போன வருஷம் 46,000 பவுண் வந்தது. அல்பம் அடிக்கிற காசு, கூட வருகிற வீடியோக்காரனின் கூலி, கார், பெற்றோல், இன்சூரன்ஸ் எல்லாம் போக மிஞ்சியது 23,000. இங்கே வரி வருஷம் ஏப்ரல் 5ஆம் திகதியோடு முடியும். அதற்குப் பிறகு நானும் கணக்காளரும் குந்தியிருந்து, கழிக்கக்கூடிய செலவில் ஒரு பற்றரி கூடத் தப்பாமல் பொறுக்குவோம். லாபம் குறையக் குறைய அந்த மனுசனின் முகம் மலரும். எனக்கும்தான். எல்லாம் சட்டப்படிதான், அத்தான், பயப்பட வேண்டாம். வரித் திணைக்களமும் ஏற்றுக்கொண்டு எஸ்.ஏ.302 என்று ஒரு தாள் தரும்.

வங்கி கேட்பதும் அதே தாளைத்தான், இரண்டு வருஷத்துக்கு. 46,000 அவர்களுடைய கண்ணுக்குத் தெரியாது. அதுகும் போன வருஷம் புதுக் கமெராக்கள் வாங்கினேன். அந்தச் செலவை அந்த வருஷமே முழுதாகக் கழிக்கலாம் என்பதால் லாபம் முந்தின வருஷத்தின் 27,000இலிருந்து இறங்கியிருந்தது. "தொழில் படுத்துவிட்டதோ?" என்று கேட்கிறார்கள். தொழில் நடக்கிறபடியால்தானே கமெரா வாங்கினேன் என்றால், தலையாட்டிவிட்டுக் குறைந்த வருஷத்தையே எடுத்தார்கள். பொதுவாக வருமானத்தின் நாலரை மடங்குதான் கடன். 23,000க்கு 103,500. அந்தக் காசுக்கு ஹரோவில் ஒரு கராஜ் வாங்கலாம், கதவு பூட்டாமல். பள்ளிக்கூடச் சமையலறையில் மனுசி எடுக்கிற 12,000ஐயும் சேர்த்துத்தான் 157,500 வந்தது. அன்றிலிருந்து வீட்டில் அவவின் குரல் அரை மடங்கு கூடியிருக்கிறது.

இனித்தான் விசேஷம். கடன் எடுத்துத் தருகிற புரோக்கர் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை, நல்ல பிள்ளை. என் வங்கிக் கணக்கைப் பார்த்துவிட்டு, ஜூலை நடுவிலிருந்து ஓகஸ்ற் நடு வரை ஒரு சதமும் வரவில்லையே, கோடை காலத்தில்தானே ஊர் முழுக்கக் கலியாணம் என்றா. ஆடி மாதம், எங்கடை ஆக்கள் நல்ல காரியம் செய்யமாட்டார்கள் என்றேன்.

"எப்போது சரியாகும்?"

"ஆவணியில்."

"அடுத்த வருஷமும் இப்படியா?"

"ஓம், எல்லா வருஷமும்."

விண்ணப்பத்தில் அந்தப் பிள்ளை எழுதியது: சமய காரணங்களுக்காக ஆண்டுதோறும் ஒரு மாத வேலைநிறுத்தம். வேறு மாதமும் உண்டோ என்று கேட்டா. மார்கழியை விழுங்கிவிட்டேன். அப்போது இங்கே குளிர், எப்படியும் ஆக்கள் வெளியே வரமாட்டார்கள்.

அடுத்தது சட்டத்தரணி. நம்முடைய நொத்தாரிசு மாதிரி வெற்றிலை போட்டுக்கொண்டு உறுதி எழுதுகிற ஆள் இல்லை. முற்பணத்தின் ஒவ்வொரு பவுணும் எங்கிருந்து வந்தது என்று கேட்கிற ஆள். கணக்கில் சீட்டெடுத்த 8,000 விழுந்திருந்தது. கடனா? இல்லை. அன்பளிப்பா? இல்லை. வட்டியா? கழிவு. எந்த நிறுவனம்? வெம்பிளியில் ஒரு அன்ரி. அந்த இடத்தில் பேனையை மூடி வைத்துவிட்டார். அன்ரியோ தன் கொப்பியை வேறு கண் பார்க்கக் கூடாது என்கிறா. கடைசியில், நான் மாதாமாதம் கட்டின காசு கணக்கிலிருந்து போன பதிவுகளை ஒவ்வொன்றாகக் கோடு போட்டுக் காட்டித்தான் தப்பினேன்.

இப்போது லூட்டனில் ஒரு பிளாற் அமைகிற மாதிரி இருக்கிறது. நிலம் எங்களுக்கு இல்லை, குத்தகைதான். கிணறு உண்டோ என்று கேட்காதேயுங்கோ.

ஒரு சிக்கல் மிச்சம். மாதாமாதம் இலங்கைக்குப் போகிற 200 பவுணை வங்கி பிடித்துவிட்டது. எங்கள் செலவுப் பட்டியலில் நீங்களும் அக்காவும் கார்க் கடனுக்குக் கீழே, நிரந்தரப் பொறுப்பு என்று நிற்கிறீர்கள். கடைசியாகப் பார்க்கிற மூன்று மாதக் கணக்கில் அது இல்லாவிட்டால் நல்லது என்கிறா புரோக்கர் பிள்ளை. ஆகவே ஐப்பசி வரை காசு வராது. அக்காவுக்கு நீங்களே பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கோ. வங்கி மனேச்சரிடம் கதைத்துவிட்டேன், அக்காவிடம் கதைக்கத்தான் எனக்குத் துணிவில்லை.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மைத்துனன்