நீலம் வேண்டாம், காற்று கொடுங்கள்

கம்ப்யூட்டரில் வானம் செய்வது பற்றி இந்தப் பகுதியில் எழுதியதற்குப் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து மட்டும் ஒரு கட்டுக் கடிதம் வந்திருக்கிறது. இந்த வாரம் முழுக்க அவர்களுக்கே.

பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் எங்கள் ஏரியைச் செய்தேன். படகு, வலை, துடுப்பு எல்லாம் அளவெடுத்துச் செய்தது. அப்பா பார்த்துவிட்டு "இது எந்த ஊருடா?" என்கிறார். எங்கே தப்பு, அண்ணா?
– அனிமேஷன் மாணவர், கூனங்குப்பம்

தம்பி, அப்பா படகைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்திருக்கிறார். தினமும் அதைப் பார்த்துவிட்டுத்தானே அவர் படகை இறக்குகிறார்!

நீங்கள் அனுப்பிய படத்தில் "ஆனி மாதம், உச்சிவேளை" என்று எழுதியிருக்கிறீர்கள். நட்டுவைத்த கம்பின் நிழலோ கம்பைவிட நீளமாக வடக்கே கிடக்கிறது. பழவேற்காடு இருப்பது சுமார் 13.4 டிகிரி வட அட்சரேகையில். ஆனியில் சூரியன் நம் உச்சந்தலையைத் தாண்டி வடக்கே போயிருக்கும். அப்போது உச்சிவேளை நிழல் தெற்கே விழும், அதுவும் ஆறடி ஆளுக்கு ஒரு அடிதான். ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் அந்த ஒரு அடியும் காலுக்கடியில் ஒளிந்துகொள்ளும்.

அடுத்தது அந்தி. நம் பக்கம் சூரியன் கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக இறங்கும். முழுகிய பிறகு இருபது நிமிடம் சொச்சம், அதற்குள் கருக்கல். லண்டனில் சூரியன் சாய்வாக வழுக்கி இறங்குவதால் சம இரவு நாட்களில்கூட அரை மணிக்கு மேல் வெளிச்சம் தங்கும். இறக்குமதி செய்த வானத்தை ஏரிமேல் ஒட்டினால் இந்த அவசரம் படத்தில் வராது. பிளெண்டரில் 'சன் பொசிஷன்' ஆட்-ஆனைத் திறந்து அட்ச, தீர்க்க ரேகைகளையும் தேதியையும் போட்டுவிட்டு, படத்தை மறுபடி அப்பாவிடம் காட்டுங்கள்.

வானத்துக்கு எந்த நீலம் கொடுத்தால் இயல்பாக இருக்கும்?
– வாசகி, ஜமீலாபாத்

எந்த நீலமும் வேண்டாம். காற்றைக் கொடுங்கள், நீலம் தானே வரும்.

சூரிய ஒளி காற்று மூலக்கூறுகளில் மோதிச் சிதறும்போது, சிவப்பைப்போல் நாலு மடங்குக்குமேல் நீலம் சிதறுகிறது. 1871இல் ரேலி பிரபு சொன்ன கணக்கு இது. இந்த மூலக்கூறுக் காற்று சுமார் 8 கிலோமீட்டர் உயரத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு மெலிந்துகொண்டே போகும். அதற்கடியில் தூசி, புகை, கடல் உப்பு சேர்ந்த ஒரு கனத்த படலம் இருக்கிறது. அது ஒன்று சொச்சம் கிலோமீட்டரிலேயே அதே அளவுக்கு மெலிந்துவிடும். அது எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒன்றுபோலச் சிதறடிப்பதால்தான் அடிவானம் வெளிறித் தெரிகிறது, சூரியனைச் சுற்றி வெண்மை கூசுகிறது. ஜப்பானின் நிஷிதா குழு 1993இல் இந்த இரண்டு படலங்களையும் கணக்கில் எடுத்து, விண்வெளியிலிருந்து பார்த்த பூமியை வரைந்து காட்டியது. பிளெண்டர் 2.90இல் வந்த வானத்துக்கு நிஷிதாவின் பெயரைத்தான் வைத்தார்கள்.

ஏரிக்கரையில் படம் செய்பவர்கள் தூசிப் படலத்தின் அளவுகோலைத்தான் அதிகம் தொட வேண்டும். நம் ஊரில் மலை கிடையாது, எல்லாம் தட்டை. எது கிட்டே, எது தொலைவு என்பதை வெளிறலை வைத்துத்தான் கண் கண்டுபிடிக்கும். பக்கத்துப் படகு கறுப்பு, அதற்கப்பால் நிற்கும் படகு சாம்பல், அக்கரைச் சவுக்குத் தோப்பு பாலில் நீலம் கரைத்த மாதிரி. இந்த மூன்றும் படிப்படியாக வந்தால் ஏரி தானாகவே அகலமாகிவிடும்.

மேற்கே சிவந்து கிடக்கும்போது உச்சி வானம் மட்டும் ஏன் ஆழ்ந்த நீலம்?
– பள்ளி ஆசிரியர், பழவேற்காடு

ஓசோன். அந்தியில் ஒளி காற்றுக்குள் நெடுந்தூரம் பக்கவாட்டில் வருகிறது. வழியில் ஓசோன் அதிலிருக்கும் மஞ்சளையும் ஆரஞ்சையும் விழுங்கிவிடுகிறது. 1953இல் ஹல்பர்ட் என்ற இயற்பியலாளர் இதைக் கணக்கிட்டுச் சொன்னார். ஓசோனை விட்டுவிட்டுச் செய்த அந்தி வானத்தில் உச்சி மஞ்சளடித்துப்போகும். மாணவர்கள் அதைப் பார்த்துப் பயந்து நீல வண்ணத்தைப் பூசி மூடுகிறார்கள். பூச வேண்டாம், ஓசோன் அளவைக் கூட்டுங்கள்.

சர் சி.வி. ராமனுக்கும் கிராபிக்ஸுக்கும் சம்பந்தம் உண்டா?
– கல்லூரி மாணவி, கோட்டைக்குப்பம்

சித்தப்பாவுக்கும் உண்டு, அண்ணன் மகனுக்கும் உண்டு. இரண்டு பேரும் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர்கள்.

1921இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலம் ராமனைப் பிடித்துக்கொண்டது. கடல் நீலம் என்பது வானத்தின் பிரதிபலிப்புதான் என்று ரேலி சொல்லியிருந்தார். ராமன் ஒரு நிக்கோல் பட்டகத்தை வைத்து மேற்பரப்புப் பளபளப்பை அணைத்துப் பார்த்தார். நீலம் போகவில்லை, இன்னும் ஆழமாகத் தெரிந்தது. தண்ணீருக்குள்ளிருந்தும் ஒளி சிதறி வருகிறது என்று அங்கே பிடித்த நூல் 1928இல் ராமன் விளைவில் முடிந்தது. கம்ப்யூட்டரில் கடல் செய்பவரும் தண்ணீருக்குள் சிதறும் அந்த ஒளியைக் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

அவருடைய அண்ணன் மகன் சுப்பிரமணியன் சந்திரசேகர், நட்சத்திரக் காற்று மண்டலங்களுக்குள் ஒளி எப்படிப் பல முறை சிதறி வெளியே வருகிறது என்று கணக்குப் போட்டு 1950இல் ஒரு நூல் வெளியிட்டார். கம்ப்யூட்டர் படம் அப்போது யார் கனவிலும் இல்லை. முப்பது வருடம் கழித்து மேகம், புகை, சனி கிரக வளையம் இவற்றை வரைய வழி தேடிய ஜிம் பிளின், கஜியா போன்றவர்கள் அந்த நூலைத்தான் எடுத்துப் பிரித்தார்கள். இன்று சினிமாவில் நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு மேகத்துக்குள்ளும் அந்தச் சமன்பாடு ஓடுகிறது. அனிமேஷன் வகுப்புகளில் முதல் நாளே சொல்ல வேண்டிய சேதி இது. நம் பிள்ளைகள் இதை வெளிநாட்டு வித்தை என்று நினைத்து ஒதுங்கி நிற்கிறார்களே என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

நிலா வெளிச்சத்தை நீலமாகப் போடுவது சரியா?
– வாசகர், தோணிரேவு

கண்ணுக்குச் சரி, கணக்குக்குத் தப்பு. நிலா வெளிச்சம் சூரிய வெளிச்சத்தைவிடக் கொஞ்சம் சிவப்பே. ஆனால் சுமார் நாலு லட்சம் மடங்கு மங்கல். அந்த மங்கலில் நம் கண் சிவப்பைக் கைவிட்டு நீலப் பக்கம் சாய்கிறது. எனவே விளக்கை நீலமாக்காதீர்கள். கடைசியில் முழுப் படத்தின் நிறத்தைக் குறைத்து, லேசாக நீலம் காட்டினால் போதும்.

நாங்கள் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர்கள். வானத்தைப் பார்த்துத் தொழிலுக்குப் போகிறோம், திரும்புகிறோம். கம்ப்யூட்டர் பிள்ளைகளுக்கு எங்களிடம் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?
– மீனவர், லைட்ஹவுஸ் குப்பம்

அண்ணே, உங்களிடம்தான் இருக்கிறது.

போன வருடம் உங்கள் குப்பத்துக் கரையில் விடியலுக்கு முன் நின்றிருந்தேன். நிலாவைச் சுற்றி ஒரு பெரிய வளையம். பக்கத்தில் வலையை உதறிக்கொண்டிருந்த பெரியவர் அண்ணாந்து பார்த்து, "கோட்டை கட்டியிருக்கு. அகல் வட்டம் பகல் மழை" என்றார். கையை நீட்டி விரல்களை அகல விரித்து, கட்டைவிரலை நிலாமேல் வைத்தார். சுண்டுவிரல் நுனி வளையத்தைத் தொட்டது.

ஒரு சாண் அகலம், ஏறக்குறைய 22 டிகிரி! மிக உயரத்தில் படரும் மெல்லிய மேகத்தின் அறுகோணப் பனித்துகள்களுக்குள் ஒளி நுழைந்து வளையும்போது குறைந்தது அந்தக் கோணத்தில்தான் திரும்பும். நிலாவை ஒட்டிக் குறுகலாகத் தெரியும் வளையம் வேறு, அது நீர்த்துளிகளால் வருவது. புயல், தாழ்வு மண்டலங்களுக்கு முன்னோடியாக வருவது உயரத்துப் பனி மேகம். அதனால்தான் அகல வட்டத்துக்கு மழைப் பேச்சு. அதைச் செய்து பார்க்க எங்களுக்குப் பனித்துகளின் வடிவமும் ஒளிவிலகலும் வேண்டும். பெரியவருக்கு ஒரு சாண் போதுமாக இருந்தது.

'மப்பும் மந்தாரமும்' என்கிறீர்களே, அதுவும் எங்களுக்குப் பாடம்தான். மப்பு போட்ட நாளில் நிழல் கிடையாது, வானம் முழுக்க ஒரே விளக்கு. படகின் அடிவயிற்றில் மட்டும்தான் இருட்டு. நிறைய மாணவர்கள் மேகத்தால் வானத்தையும் மூடிவிட்டு, கூர்மையான நிழலையும் வைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டுச் சின்னக் குழந்தைகூட அந்தத் தப்பைக் கண்டுபிடித்துவிடும்.

என் மேகங்கள் எல்லாம் பஞ்சு மிட்டாய் மாதிரி வருகின்றன.
– மாணவர், கோரைக்குப்பம்

அடியை வெட்டுங்கள். ஈரக்காற்று மேலே போய்க் குளிர்ந்து துளியாகும் உயரம் ஓர் இடத்தில் எல்லா மேகத்துக்கும் ஏறக்குறைய ஒன்றே. அதனால் திரள் மேகங்களின் அடி தட்டையாக, ஒரே மட்டத்தில் இருக்கும். தலை மட்டும்தான் பூக்கும். கோடைப் பிற்பகலில் கடற்காற்று உள்ளே தள்ளிக்கொண்டு போவதால் ஏரிமேல் வானம் தெளிந்து, மேற்கே உள்நாட்டில் இடிமேகம் கட்டும். சூரியன் அதற்குப் பின்னால் போகும்போது ஓரம் மட்டும் வெள்ளிச் சரிகை போட்டது போல் மின்னும். நடு ஏரியில் மேகத்தைக் குவிக்காமல் அந்த மேற்குச் சுவரைச் செய்யுங்கள்.

ஏரித் தண்ணீர் கண்ணாடித் தகடு மாதிரி வருகிறது. என்ன செய்ய?
– மாணவி, சாத்தான்குப்பம்

கண்ணாடி தப்பில்லை தங்கச்சி, எங்கும் ஒரே அளவு கண்ணாடியாக இருப்பதுதான் தப்பு. தண்ணீரை நேர் கீழாகப் பார்த்தால் நூற்றில் இரண்டு பங்கு ஒளிதான் திரும்பி வரும், மிச்சம் உள்ளே போய்விடும். சாய்வாகப் பார்க்கப் பார்க்கப் பிரதிபலிப்பு ஏறும். அடிவானத்தருகே ஏறக்குறைய முழுவதும் வானம்தான்.

இடுப்பளவுத் தண்ணீரில் கையால் இறால் தடவும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். ஓலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, முகம் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே. அவர்கள் மார்புக்கு நேர் கீழே தண்ணீர் சேற்றுப் பழுப்பு. ஒரு கை தள்ளிப் பச்சை கலந்த சாம்பல். நாலடி தள்ளினால் வெள்ளி, அதற்கப்பால் வானம். கீழேயிருந்து ஏறும் ஒளி தாடைக்கடியிலும் பறியின் பின்னலிலும் படும். அந்த ஒளியைத் தவறவிட்டால் முகம் இருண்டுபோகும். உடனே எல்லோரும் தனியாக ஒரு விளக்கு வைக்கிறார்கள். தண்ணீரைச் சரியாகச் செய்திருந்தால் அந்த விளக்கு தேவைப்படாது.

ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் இருட்டியதும் கிளம்பினால் புகை மட்டும் உயரத்தில் தகதகவென்று தெரிகிறதே?
– வாசகர், அரங்கங்குப்பம்

நமக்குத்தான் இருட்டு, ராக்கெட்டுக்கு இன்னும் அந்தி முடியவில்லை. சூரியன் 6 டிகிரி கீழே இறங்கியபின் நம் தலைக்கு மேலே பூமியின் நிழல் சுமார் 35 கிலோமீட்டர் உயரம் வரை இருக்கும். அதைத் தாண்டிய புகையில் வெயில் அடிக்கும்.

அந்த நிழலையே நீங்கள் கண்ணால் பார்க்கலாம். உங்கள் பக்கம் சூரியன் விழுவது ஏரியில், கடல் முதுகுப் பக்கம். எல்லோரும் ஏரியைப் பார்த்து நிற்கும்போது நீங்கள் கடல் பக்கம் திரும்புங்கள். தெளிந்த நாளில் கடலுக்கு மேலே சாம்பல் நீலப் பட்டை ஒன்று எழும், அதன் தலையில் ரோஜா நிறத்தில் இன்னொரு பட்டை. கீழே இருப்பதுதான் பூமியின் நிழல். கம்ப்யூட்டர் வானங்களில், 1999இல் வந்த பிரீதம் மாதிரியிலும் 2012இன் ஹோசெக்-வில்கி மாதிரியிலும் இது வராது, இரண்டும் சூரியன் அடிவானத்துக்கு மேலே இருக்கும் வரைதான். பூமியை உருண்டையாக வைத்துக் கணக்கிடும் வானத்தில்தான் வரும்.

டச்சுக் கோட்டையைப் பற்றிக் கம்ப்யூட்டர்காரர் சொல்ல ஏதாவது உண்டா?
– வாசகர், பழவேற்காடு

உண்டு. டச்சுக்காரர்கள் இங்கே கெல்டிரியா கோட்டையை எழுப்பியது 1613இல். அதே நூற்றாண்டில் அவர்கள் நாட்டில் ஃபான் கோயன், ராய்ஸ்டால் போன்ற ஓவியர்கள் அடிவானத்தைக் கீழே இறக்கி, படத்தில் மூன்றில் இரண்டு பங்கை வானத்துக்கே கொடுத்தார்கள். தட்டை நிலமும் தண்ணீரும் உள்ள நாட்டுக்காரர்களுக்கு வேறு வழியில்லை. நமக்கும் அதே நிலம், அதே தண்ணீர். பிளெண்டரைப் படைத்த டான் ரோசண்டாலும் டச்சுக்காரர். 2002இல் மக்களிடம் ஒரு லட்சம் யூரோ திரட்டி அதன் மூலநிரலை எல்லோருக்கும் பொதுவாக்கினார்.

கோட்டைக் காலத்தில் இந்தத் துறையிலிருந்து துணியோடு மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். இங்குள்ள டச்சுக் கல்லறைத் தோட்டத்துச் சிற்பங்களைப் படமெடுக்கும்போது அதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணா, நீங்கள் சொன்னபடி மாற்றினேன். "நம்ம ஏரிதான். காத்து எங்கடா?" என்கிறார் அப்பா.
– அதே கூனங்குப்பம் மாணவர் (அச்சுக்குப் போகுமுன் வந்தது)

நல்ல அப்பா! தண்ணீரில் சிற்றலை வைக்காமல் விட்டிருக்கிறீர்கள். காக்ஸ், மங்க் என்ற இருவர் விமானத்திலிருந்து கடலில் வெயில் மினுங்குவதைப் படமெடுத்து, காற்று வேகம் கூடக் கூட அலைச் சரிவு எவ்வளவு கூடுகிறது என்று அளந்து 1954இல் வெளியிட்டார்கள். மினுமினுப்பின் அகலத்தை வைத்தே காற்றைச் சொல்லிவிடலாம். அந்த எண்ணைப் போடும் முன் ஒரு வேலை பாக்கி. கச்சானா, கொண்டலா, வாடையா, எது அடிக்கிறது என்று அப்பாவிடம் கேளுங்கள். படகின் முகத்தையும் அவர் சொல்லும் பக்கம் திருப்பிக் கட்டுங்கள்.