தடைக்காலத் தச்சர்கள்

தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் பொருட்டு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு விதிக்கப்படும் 61 நாள் தடைக்காலத்தில், மீன்களோடு சேர்ந்து மற்றோர் இனமும் பெருகுகிறது. ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் கரைகளில் கையில் சுத்தியலோடும் மனத்தில் யோசனைகளோடும் தென்படும் அந்த இனத்தைத் தடைக்காலத் தச்சர்கள் என்று குறிப்பிடலாம்.

இவர்களை ஓடாவிகளோடு குழப்பிக்கொள்ளலாகாது. ஏரா எனப்படும் அடிமரத்தை நாட்டுவது முதல், பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்து நீர் கசியாமல் அடைக்கும் கலப்பத்து வேலை வரை கற்றுத் தேர்ந்த படகுத் தச்சரே ஓடாவி ஆவார். தடைக்காலத் தச்சரோ படகின் உரிமையாளர். இயந்திரத்தை மெக்கானிக்கிடமும் அடிப்பகுதியை ஓடாவியிடமும் ஒப்படைத்துவிட்டு, சுக்கான் சக்கரம் அமைந்த வீல்ஹவுஸ் என்னும் அறையின் பலகைக் கட்டில், பெட்டி, அலமாரி ஆகியவற்றுக்கு எதற்கு வீண் கூலி என்று தாமே களத்தில் இறங்குபவர்.

பாக் நீரிணையில் நாட்டுப்படகுகளுக்கு இடம்விட்டு விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள் மட்டுமே செல்வதும், காலையில் புறப்பட்டால் மறுநாள் காலையில் கரை திரும்பிவிடுவதும் வழக்கமாதலால், அவற்றில் அலமாரி அவசியமா என்ற கேள்வி எழுவது இயல்பே. ஆனால் சீர்திருத்தம் என்பது தேவையிலிருந்து பிறப்பதன்று, மிச்சமிருக்கும் பிளைவுட்டிலிருந்து பிறப்பது என்பது இத்துறையின் முதல் விதி.

வீட்டு வேலையில் மிஞ்சும் சாதாரணப் பிளைவுட், யூரியா பசையால் ஒட்டப்பட்டதாகையால் உப்புக்காற்றின் ஈரத்தைக் குடித்து உப்பிவிடும். 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் அடுக்கு பிரியாத, பீனால் பசையால் ஆன, ஐ.எஸ். 710 முத்திரை பெற்ற பிளைவுட்டோ விலை கூடுதல். எனவே வீட்டு மிச்சமே அலமாரியாகி, முதல் பயணத்திலேயே அதன் கதவு திறக்க மறுக்கிறது. அதை இழைத்துச் சரிசெய்தால், சோழகம் என்னும் தென்காற்றில் படகு ஆடும்போது யாரும் கேளாமலே அது திறந்து, உள்ளே இருக்கும் மிளகாய்த்தூளைச் சுக்கான் பிடிப்பவரின் முகத்துக்கு அனுப்பிவைக்கிறது. அதைத் தடுக்கக் கதவில் காந்தப் பூட்டு பொருத்தப்பட்டால், கதவு அடங்குகிறது; பக்கத்திலிருக்கும் திசைகாட்டியின் முள் வடக்கை விட்டுவிட்டு அலமாரியைப் பார்த்து நிற்கிறது. ஜி.பி.எஸ். இருக்கும்போது முள் எங்கே பார்த்தால் என்ன என்று கேட்பவர்கள், 1974, 1976 ஆகிய ஆண்டுகளின் ஒப்பந்தங்களால் வரையப்பட்ட, இலங்கையுடனான கடல் எல்லை அருகிலேயே இருப்பதையும், பேட்டரி என்பது தீரக்கூடிய பொருள் என்பதையும் மறந்தவர்கள். இறுதியில் அலமாரி கழற்றப்பட்டு வீல்ஹவுஸின் கூரைமேல் ஏறுகிறது. எடை முழுவதும் திரண்டிருப்பதாகக் கருதப்படும் ஈர்ப்பு மையம் மேலே போகப் போக, சாய்ந்த படகு நிமிரும் வலு குறையும் என்பது கப்பலியல் பாடம். அதைப் படிக்காத படகுத் தொழிலாளர், “அலமாரி இல்லாதப்பவே நல்லா இருந்துச்சு முதலாளி” என்று அதே பாடத்தைச் சுருக்கமாக எடுத்துரைக்கிறார்.

இதே படகில், சீர்திருத்தம் என்று எவரும் பெயரிடாத ஒரு பொருள் இருப்பதையும் ஆய்வாளர் கவனிக்க வேண்டும். அது ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதன் இருக்கையில் விழுந்த விரிசலின் இருபுறமும், சுட்ட ஆணியால் வரிசையாகத் துளையிட்டு, வலை பின்னும் ஊசியில் நைலான் நூலைக் கோத்து, வலையின் கிழிந்த மடியைத் தைப்பதுபோல் நெருக்கமாகத் தைத்திருக்கிறார்கள். கால்கள் பழைய கயிற்றால் அருகிலுள்ள கம்பத்தோடு பிணைக்கப்பட்டிருக்கின்றன. அலை வரும்போது நாற்காலி சற்று அசைகிறது, நூலும் கயிறும் சற்று நெகிழ்கின்றன, எதுவும் உடைவதில்லை.

சோழமண்டலக் கரையில் அலைகளைக் கடந்து கப்பல்களுக்கு ஆளையும் சரக்கையும் ஏற்றிச் சென்ற மசூலாப் படகுகள், ஆணியே இல்லாமல் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டப்பட்டமைக்கும் இதுவே காரணம்: அடி விழும்போது ஆணி விறைத்து நிற்க, தையல் வளைந்து கொடுக்கும். இரும்பு ஆணி உப்பில் துருவேறிப் பருத்து, தான் பிடித்த மரத்தையே பிளந்துவிடுவதும் உண்டு.

ஆகவே, வரும் தடைக்காலத்தில் சுத்தியலை எடுக்கவிருக்கும் உரிமையாளர்களுக்குச் சில பரிந்துரைகள்: ஆணி அடித்தே ஆகவேண்டும் என்றால் எளிதில் துருவேறாத எஸ்.எஸ். ஸ்குரூ வாங்குங்கள், கனத்த பொருளைக் கீழே வையுங்கள், காந்தத்தைத் திசைகாட்டியிடம் சேர்க்காதீர்கள், ஓடாவியை ஒரு வார்த்தை கேளுங்கள். இவற்றில் எதற்கும் மனம் ஒப்பவில்லையெனில், சுத்தியலை வீட்டில் வைத்துவிட்டு, வலை பின்னுபவரை அழைத்து ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.