நடுவரோட நாயும் ஓடுதாமே!

ஏலே பேராண்டி, இந்தியானாவுல நடுராத்திரி காட்டை விட்டு வெளிய வந்ததும் எனக்குப் போன் போட்டு ஒரு பாட்டம் அழுது தீத்துட்டே. இங்க அப்போ வெயில் ஏறிப்போச்சு, நான் வெத்திலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கிட்டு இருந்தேன். ரக்கூனை மோப்பம் பிடிச்சு மரத்துல ஏத்துற ரக்கூன் நாய்ப் போட்டியில நடுவர் உன்னை ஏய்ச்சுப்புட்டாராம். சரி, மூக்கைச் சிந்திட்டு உக்காரு. ஒண்ணு கேக்கேன். நாலு பேர், நாலு நாய், ஒரே காடு. அந்த நாலு பேர்ல ஒருத்தர்தான் நடுவர், அவரோட நாயும் அதே ரக்கூனைத் தேடித்தான் ஓடுது. இந்த ஏற்பாட்டுக்குச் சரின்னு தலையாட்டி, காசு கட்டி உள்ள போனவன் நீ. வெளிய வந்து நியாயம் எங்கேன்னு கேட்டா எங்க இருக்கும்? ரக்கூனுக்குப் பக்கத்துக் கிளையில அதுவும் ஏறி உக்காந்திருக்கும்.

நீ அனுப்புன விதியையெல்லாம் உன் அத்தை மகளை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். நல்ல விளையாட்டுதாம்லே, குறை சொல்லமாட்டேன். உயிரைக் கொல்லுறதில்லை, துப்பாக்கி கிடையாது, மரத்து மேல இருக்கிறதை லைட் அடிச்சுப் பாத்துட்டுத் திரும்பி வாரீங்க. நம்ம பக்கம் 1972 வனவிலங்குச் சட்டப்படி முயலைத் துரத்துனாலே குத்தம். அதனால எங்க சிப்பிப்பாறை வேட்டைநாய் கதை எதையும் நான் வாயைத் திறந்து சொல்லப்போறதில்லை.

உங்க விளையாட்டுல இருக்கிற ருசி என்னன்னா, ரெண்டு மணி நேரமும் கும்மிருட்டு. நாயை எவனும் கண்ணால பாக்கிறதில்லை, காதுதான் எல்லாம். தூரத்துல குரைப்புக் கேட்டதும் இன்ன நாய்னு பேரைச் சொல்லணும். முதல்ல சொன்னவனுக்கு 100, அப்புறம் 75, 50, 25. மரத்தைக் கண்டுபிடிச்சு அடியில நின்னு நாய் குரைக்கிற தொனி மாறுனதும் மறுபடி சொல்லணும், அதுக்கு 125, 75, 50, 25. அங்க நடந்து போய் லைட் அடிச்சு, ரக்கூன் கண்ணுல பட்டா கூட்டல். ஒளிய இடமே இல்லாத மரத்துல ஒண்ணும் இல்லைன்னா அதே மார்க் கழித்தல். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், பொந்து இருக்கு, இலை அடர்த்தியா இருக்குன்னா மார்க்கைச் சுத்தி ஒரு வட்டம், கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை.

அந்த வட்டத்தைக் கேட்டதும் நான் எந்திரிச்சு உக்காந்துட்டேன். அடேயப்பா, மனுசனோட யோக்கியதையை அளக்க இதைவிட நல்ல கருவியை எவன் கண்டுபிடிச்சான்? நடுவரோட நாய் நின்ன மரத்துல எப்பவும் ஒரு பொந்து இருக்கும். இல்லாட்டி பழைய பருந்துக் கூடு இருக்கும். அதுவும் இல்லாட்டி, ‘அந்தக் கவட்டையில ஒரு இருட்டு தெரியுது பாருங்க’ன்னு நடுவர் சொல்லுவாரு. ராத்திரியில எல்லாக் கவட்டையிலும் இருட்டு இருக்கத்தான் செய்யும். உன் நாய் நின்ன மரம் மட்டும் சவரம் பண்ணுன தாடை கணக்கா வழவழன்னு இருக்கும், பென்சிலை நாக்குல தொட்டுக் கழித்தல் போட்டுருவாரு. இதுக்குப் போய் ஆத்திரப்படலாமா? ரசிக்கணும்லே.

நடுவர் விசயத்துல இன்னொரு கதை கேளு. இங்கிலாந்துல 1836-ல இருந்து வாட்டர்லூ கோப்பைனு ஒரு முயல் ஓட்டம் நடத்துனாங்க. ரெண்டு கிரேஹவுண்ட், ஒண்ணுக்குச் சிவப்புக் கழுத்துப்பட்டை, ஒண்ணுக்கு வெள்ளை. நடுவர் தனியாளாக் குதிரை மேல பின்னாலயே போய், எந்த நாய் ஜெயிச்சதோ அந்த நிறக் கைக்குட்டையை எடுத்து ஆட்டுவாரு. கதை முடிஞ்சுது. சிவப்பை ஆட்டுனா சிவப்பு. குதிரையில இருக்கிறவர்கிட்ட நடந்து வந்தவன் போய்ச் சண்டை போட முடியுமா? 2005-ல சட்டம் வந்து அந்தக் கோப்பையே நின்னுபோச்சு. உங்க ஊர்க்காரங்க அவ்வளவு பெரிய மனுசனை வைக்கல. காரு ஓட்டுற, புகையிலை மெல்லுற, தானும் நாய் வளக்கிற ஒருத்தரையே நடுவராக்கிட்டாங்க. ஒருவகையில அதுதான் உனக்கு வசதி. அவரும் உன்னை மாதிரி ஜெயிக்கத் துடிக்கிற ஆளு, அவ்வளவுதான்.

அலபாமாவுல ரக்கூன் நாய்களுக்குன்னே ஒரு இடுகாடு இருக்காம்லா. கீ அண்டர்வுட்னு ஒருத்தர் தன்னோட ட்ரூப்புங்கிற நாயை 1937 செப்டம்பர் 4-ல அங்க புதைச்சதுல இருந்து ஆரம்பமாம். அங்க ஒரு நாயைப் புதைக்கணும்னா, இது நிஜமாவே ரக்கூன் நாய்தான்னு சொந்தக்காரனும் சொல்லணும், சாட்சியும் சொல்லணும், சங்கத்து ஆள் ஒருத்தரும் பாத்துச் சொல்லணும். செத்த பிறகும் நடுவர் விட்டபாடில்லை. நீ என்னடான்னா ஒரு ராத்திரிக்கே இந்தக் குதி குதிக்கே.

இப்ப விசயத்துக்கு வாரேன். ஆளைத் திட்டாத. திட்டுனா உன் பேரைப் போட்டியில இருந்தே அடிச்சு வெளிய அனுப்பிருவாங்க, அவருக்கு ஒரு எதிராளி குறையும். அவரு வேணும்னே உன்னைச் சீண்டுதாருன்னு வையி, நீ சத்தம் போட்டா அவரு வேலையை நீயே முடிச்சுக் குடுத்த மாதிரி. இளிச்ச மூஞ்சியோட நில்லு. அவரு ‘அந்தா ரெண்டு கண்ணு மின்னுது, ரக்கூன்’னு சொன்னா, ‘அப்படியா சார், என் கண்ணு கொஞ்சம் மங்கல், எந்தக் கிளைன்னு லைட்டை நிறுத்திக் காட்டுங்க’ன்னு கேளு. மத்த ரெண்டு பேரையும் பக்கத்துல கூப்பிட்டு, ‘உங்களுக்குத் தெரியுதா?’ன்னு அன்பா விசாரி. பாதிக்கு மேல பேர் பாத்தாத்தான் செல்லும். அவரு கை நடுங்குறதை லைட்டே சொல்லிரும்.

சந்தேகம் வந்தா அந்த இடத்துலயே, அந்த நிமிசத்துலயே கேள்வி போடு. மார்க் கார்டுல எழுதச் சொல்லு. ஓட்டு எடுக்கட்டும், அதுலயும் மனசு ஒப்பலைன்னா மாஸ்டர் ஆஃப் ஹவுண்ட்ஸ்னு ஒருத்தர் கிளப்புல இருக்காருல்லா, அவர்கிட்ட போகட்டும். வண்டிக்கிட்ட வந்து காபி குடிச்சுக்கிட்டே ‘அப்பவே எனக்குத் தோணுச்சு’ன்னு சொல்லுறவன் தன் வாயைத்தான் கெடுக்கான். கையெழுத்து போடுற வரைக்கும் உன் கையில பேனா இருக்கு. போட்டுட்டா நீயும் அதை ஒத்துக்கிட்டேன்னு அர்த்தம். தூக்கம் வருதுன்னு கண்ணை மூடிக்கிட்டு போட்டுட்டு வந்து எனக்குப் போன் பண்ணுனா நான் என்ன, கோர்ட்டா நடத்துதேன்? பெரிய போட்டிகள்ல கடைசிச் சுத்துக்கு நாய் விடாத நடுவரைப் போடுறதும் உண்டுன்னு சொன்னாங்க. உங்க கிளப்புல அதைக் கேட்டுப் பாரு. கேக்கும்போது ‘அவரு திருடன்’னு சொல்லாத, ‘அவரும் பாவம், ஓடவும் வேணும், எழுதவும் வேணும், ரொம்பக் கஷ்டம்’னு சொல்லு. ஊர்ப் பெரியவங்க இப்படிச் சொன்னாத்தான் உருகுவாங்க.

இன்னொண்ணு மெதுவாக் கேக்கேன், கோவிச்சுக்காத. முதல்ல குரைச்சது நிஜமாவே உன் நாய்தானா? உன் ப்ளூடிக் நாயோட குரலை வீட்டுல ஓட்டைக் கதவுச் சத்தத்துல இருந்தே பிரிக்கத் தெரியாம நீ அடிச்ச கூத்தை உன் பொண்டாட்டி எனக்குச் சொல்லிட்டா. மூணாவது குரைப்புக்குள்ள பேரைச் சொல்லணும்னு விதி, நீ முதல் குரைப்புக்கு ‘ம்ம்’னு யோசிச்சு, ரெண்டாவதுக்குக் காதைத் தேச்சு, மூணாவதுக்கு ‘என்னுதா?’ன்னு பக்கத்து ஆள்கிட்ட கேட்டா, நடுவர் 75 போட்டதே தர்மம்தான்.

அடுத்த மாசம் உன்னையே நடுவரா நிக்கச் சொல்லியிருக்காங்களாமே? நல்லது. கார்டும் பென்சிலும் கையில இருக்கும்போது, உன் நாய் நின்ன மரத்துல ஒரு சின்னப் பொந்து உனக்கும் தெரியும், கட்டாயம் தெரியும். அன்னைக்கு ராத்திரி எனக்குப் போன் போடாத, நான் தோட்டத்துக்குப் போயிருப்பேன்.